கொழும்பின் பசுந்தரைகளும் நம் கடமையும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய உரை)



இளைஞர் பகுதியினராகிய எமக்கு இம்மேடையிற் பேச வாய்ப்பளித்த செயற்குழுவினருக்கு முதற்கண் எமது நன்றி உரித்தாகுக. நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் பெரியவர்கள் சிலர் புன்னகை செய்தார்கள். "புல்லையும் மரத்தையும் பற்றிப் பேசுவதற்கு மாநகர சபை இருக்கிறதே, நீங்கள் மொழியைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசலாகாதா?" என்று அன்போடு வினவினார்கள். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு, இந்நகரத்தின் பசுந்தரைகள் அயலார் உடைமையல்ல. அவற்றை அனுபவிப்பதும் காப்பதும் நம் வாழ்வோடு ஒட்டிய காரியங்களே என்பதை இயன்ற அளவு எடுத்துரைப்போம்.

முதலிற் பருவங்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். மிசன் பாடசாலைகளிற் கல்வி பயின்ற நம்மிற் பலர், ஆங்கிலப் பாடநூல்களின் வாயிலாக வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்னும் நான்கையும் மனனம் செய்தவர்கள். வசந்தகாலத்தைப் பற்றி வகுப்பிற் கட்டுரை எழுதும்போது, யன்னலுக்கு வெளியே சோளகக் காற்றோடு மழை கொட்டிக் கொண்டிருக்கும். வீட்டிலே தமிழாசிரியர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களைச் சொல்லித் தந்தார். அவை தமிழ் நிலத்துக்கு இயைந்தவை. எனினும், ஆண்டிற் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்புக்கு அவையும் முற்றப் பொருந்துவன அல்ல. இந்நகரத்துக்கு அதன் சொந்தப் பருவங்கள் உண்டு. வானிலை அறிஞர் அவற்றை நான்காகப் பிரிப்பர். மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் முதலாம் இடைப்பருவம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் இரண்டாம் இடைப்பருவம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இந்நான்கையும் கொழும்பு எங்ஙனம் கொண்டாடுகின்றது என்பதைச் சிறிது நோக்குவோம்.

மார்ச்சு மாதத்தில் வெயில் கடுமையாகும். அவ்வேளையிலே தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் நிற்கும் ரொபரோசியா மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்புப் பூக்களைப் போர்த்துக்கொள்ளும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரம் இங்கே உரிமையோடு பூக்கின்றது. சித்திரை நெருங்க வேம்பு பூக்கும், குயில் கூவும். அக்குயிலோசையைத் தமிழரும் சிங்களவரும் புத்தாண்டின் வரவாகவே கேட்கின்றனர். ஒரே மரக்கொப்பிலிருந்து கூவும் ஒரே குயில் இரு வீட்டாருக்கும் ஒரே செய்தியைச் சொல்கின்றது. பின்னர்க் கொன்றை பொன்னாகச் சொரியும். மே மாதத்தில் மயிற்கொன்றை தீப்போற் சிவக்கும்.

இப்பருவத்திற் சென்று காணத் தகுந்த இடம் விகாரமகாதேவி பூங்கா. ஒல்லாந்தர் காலத்திற் கறுவாப் பயிர் செய்த நிலமாதலின் அப்பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. சாள்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் வள்ளல் வழங்கிய நிலத்தில் அமைந்த அப்பூங்கா, விக்டோரியா மகாராணியின் பெயரை முன்பு தாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது படையினர் அங்கே தங்கினர். போர் முடிந்தபின் திருத்தியமைக்கப்பெற்று, 1951இல் மீண்டும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒருமுறை இழந்த பூங்காவும் மீட்கப்படக் கூடும் என்பதற்கு அதுவே சான்று. அங்குள்ள பெருமரங்களிற் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்குவதைக் கண்டு குழந்தைகள் வியப்பர். தூங்குமூஞ்சி மரத்தைச் சிங்களத்தில் மாரா என்பர். மாலையானதும் அது இலைகளை மடித்து உறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? நுழைவுச்சீட்டில்லாத நாடகம் அது, நாள்தோறும் நடைபெறுகின்றது.

தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் காட்சி கடற்கரைக்கு மாறுகின்றது. வெள்ளவத்தையிற் புகையிரதப் பாதைக்கு அப்பால் அலைகள் கல்லணையை மோதும். ஆடி பிறந்தால் வேல் விழா. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் இரதம் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கமாக வரும்போது, ஒருபுறம் நகரமும் மறுபுறம் காலிமுகத்திடலின் புல்வெளியும் அதனை வரவேற்கின்றன. ஆவணியிற் காற்று ஒருசீராக வீசும்; அதே திடலிற் பட்டங்கள் ஏறும். கச்சான் கடலையும் இறால் வடையும் விற்பவர் குரலும், தமிழும் சிங்களமும் மலாயும் ஆங்கிலமும் கலந்த குழந்தைகளின் ஆரவாரமும் அங்கே ஒன்றாய் ஒலிக்கும். கொழும்பிற் செல்வரும் வறியவரும் அருகருகே அமர்ந்து ஒரே காற்றை வாங்கும் இடம் அதுபோல் வேறொன்று உண்டோ?

இரண்டாம் இடைப்பருவம் இடியும் மழையுமாக வருவது. அப்போது நாம் நோக்க வேண்டியவை நகரின் சதுப்பு நிலங்கள். கோட்டைப் பகுதியிலுள்ள பெத்தகான, தியசரு முதலிய ஈரநிலப் பூங்காக்களில் மரப்பலகைப் பாதைகளின்மேல் நடந்து சென்று பறவைகளைக் காணலாம். கொக்கும் நாரையும் நீலத் தாழைக்கோழியும் அங்கே நிரந்தரக் குடிகள். வடதேசங்களிலிருந்து வரும் பறவைகள் இம்மாதங்களில் வந்து, சித்திரைக்குள் திரும்புகின்றன. அரிதாகிவிட்ட மீன்பிடிப் பூனையும் இச்சதுப்புகளிலே இரவில் உலாவுகின்றது. டிசெம்பர் பிறந்தாற் காற்றுத் திசை மாறும், காலைகள் குளிரும், வானம் தெளியும். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியலில் எழுபவர்கள் அப்படியே சிறிது தூரம் மரநிழலில் நடந்து வருவதற்கு ஆண்டில் இதைவிட ஏற்ற காலம் இல்லை.

இவ்வளவும் இன்பத்தின் பக்கம். நிற்க, மறுபக்கத்தையும் கூறவேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனையை அடுத்து புளூமெண்டால் என்றோர் இடம் உண்டு. ஒல்லாந்து மொழியில் அப்பெயருக்குப் பூக்களின் பள்ளத்தாக்கு என்பது பொருள். எத்துணை அழகிய பெயர்! ஆனால், நமது தலைமுறையினர் அப்பெயரைக் கேட்டது குப்பை மலையின் பெயராகவே. நகரத்துக் கழிவெல்லாம் ஆண்டுக்கணக்காக அங்கே குவிக்கப்பட்டன. 2009இல் உயர் நீதிமன்றத்தின் கட்டளையால் அது நின்றது. நின்ற குப்பை எங்கே போயிற்று? கொலன்னாவைப் பக்கத்திலுள்ள மீதொட்டமுல்லைத் தாழ்நிலத்துக்குப் போயிற்று. அங்கும் மலையாயிற்று. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அம்மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 உயிர்கள் மாண்டன. குயிலோசை கேட்டுப் பொங்கலிட்டு மகிழ்ந்திருந்த நாளில் அது நிகழ்ந்தது. அக்குப்பையில் நமது சமையலறைக் குப்பையும் ஒரு பங்கு. சதுப்பு நிலம் பயனற்றது, எதையும் கொட்டலாம் என்னும் எண்ணமே அந்த மலையின் அத்திவாரம்.

சதுப்பு நிலம் பயனற்றதா? 2010ஆம் ஆண்டு நவம்பரிற் பெய்த பெருமழையில் நாட்டின் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்துள் நின்றது. 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் களனி ஆறு பெருகிக் கரையோரக் குடும்பங்களைப் பாடசாலைகளிலும் வழிபாட்டிடங்களிலும் தஞ்சம் புக வைத்தது. மழைநீர் கடலை அடையுமுன் தங்கிச் செல்ல ஓர் இடம் வேண்டும். கடற்பஞ்சு நீரை உறிஞ்சிப் பின் மெல்ல விடுவதுபோல, சதுப்பு நிலம் அதனைத் தாங்கிப் பையப் பைய வாய்க்கால்களுக்கு விடுகின்றது. அவ்வாய்க்கால்களில் ஒன்று வெள்ளவத்தையிலே கடலிற் கலப்பதை நாம் அனைவரும் அறிவோம். தாங்குமிடத்தை மண்ணிட்டு நிரப்பினால், நீர் தன் இடத்தைத் தேடி நம் வாசலுக்கு வரும். இவ்வுண்மை உணரப்பட்டதன் பயனாக, 2018இல் உலகில் முதன்முதலாக ராம்சார் ஈரநில நகரம் என்ற தகுதியைப் பெற்ற 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று. பெருமைக்குரிய பட்டமே, ஆனாற் பட்டம் நீரைத் தாங்காது, நிலந்தான் தாங்க வேண்டும்.

பேரை வாவியைப் பாருங்கள். ஒரு காலத்தில் இன்றுள்ளதிலும் இருமடங்குக்கு மேற் பரந்திருந்த அந்நீர்நிலை, கரைதோறும் நிரப்பப்பட்டு இன்று சுமார் 65 ஹெக்டேயராகச் சுருங்கிவிட்டது. பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1921இல் கொழும்புக்கு ஒரு நகரமைப்புத் திட்ட அறிக்கையை எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சென்னை மாகாணத்து ஊர்களையும் சுற்றி ஆராய்ந்தவர் அவர். கொழும்பு ஒரு தோட்ட நகரமாக விளங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. கெடிஸ் இன்று வந்து வெள்ளவத்தைக் குறுக்குத் தெருவொன்றில் நின்று மேலே நோக்கினால், வானம் எத்துணை அகலம் தெரியுமென்று நினைக்கிறீர்கள்? முன்பு முற்றமும் மாமரமும் கிணறும் உள்ள வீடு நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடி நிற்கின்றது. அதைக் கட்டியவர்களைக் குறை கூறுவதில் நமக்கு உரிமையில்லை. நம்மிற் பலர் அவற்றிலேதான் குடியிருக்கிறோம். ஆயினும், முற்றம் இல்லாத வீட்டிலுள்ள குழந்தைக்குப் பொது முற்றம் ஒன்று வேண்டாமா? கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இரு மோட்டார் வாகனங்களுக்கு இடையே கிரிக்கெட் ஆடும் சிறுவர்களைக் கேளுங்கள். மட்டக்குளியில் உள்ள விஸ்ட்வைக் பூங்காவுக்கோ காக்கைதீவுக் கடற்கரைக்கோ போய்வர ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்பார்கள்.

இனி, சற்று மனந்திறந்து ஒன்று கூறுவோம்; பெரியோர் பொறுத்தருள்க. நம்மவரை "உங்கள் ஊர் எது?" என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்போம், மட்டக்களப்பு என்போம், மலையகத்தில் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வோம். மூன்று தலைமுறையாகக் கொழும்பில் வாழ்பவருங்கூடக் கொழும்பு என்று சொல்லத் தயங்குவர். ஊரிலுள்ள பனை நமது பனை. கொழும்பிலுள்ள மரம் மாநகர சபையின் மரம். இத்தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நாம் நூல்களிற் படித்தோம். இங்கே அமர்ந்திருப்பவர்களிற் சிலர் அதனை உடலாலும் உடைமையாலும் அனுபவித்தவர்கள். எரிந்த வீட்டின் முற்றத்தில் மீண்டும் ஒரு மரம் நட மனம் வருமா என்று கேட்கும் தகுதி நமக்கில்லை. ஆனால், நட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நட்ட மரங்களின் கீழேதான் நாம் வளர்ந்தோம். அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு, இந்நகரத்தை வாடகை வீடாகக் கருதாது, நமது ஊர்களுள் ஒன்றாகக் கருதுவதே. ஓர் ஊரை நேசிப்பதால் மற்றோர் ஊரின்மேல் உள்ள பாசம் குறைந்துவிடாது. இரு பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு அன்பு பாதியாவதில்லை அல்லவா?

பேணுதல் என்றால் என்ன என்பதற்குக் காலிமுகத்திடலின் வரலாறே நல்ல பாடம். அங்குள்ள உலாவிடத்தைத் தேசாதிபதி சேர் ஹென்றி உவாட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பு வாழ் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதி அதனைத் தமக்குப் பின்வருவோரிடம் ஒப்படைப்பதாகக் கல்லிற் பொறித்தும் வைத்தார். பின்னாளில், நகர அபிவிருத்தி அதிகார சபை அத்திடலை ஒரு தனியார் நிறுவனத்தின் பொறுப்பில் விட்டுக் கேளிக்கை நிலையமாக்கும் ஏற்பாட்டில் இறங்கியபோது, சுற்றாடல் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று, அதுபற்றிய விபரங்களைத் தருமாறு கேட்டது. விபரம் மறுக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2005இல் வந்த தீர்ப்பு, விபரம் மறுத்தமை குடிமக்களின் அடிப்படை உரிமைக்கு மாறானது என்றும், திடல் பொதுமக்களுக்கு உரிய இடமாகவே பேணப்பட வேண்டும் என்றும் கூறிற்று. எண்ணிப் பாருங்கள்: அப்புல்வெளியைக் காத்தது பெரும் படையன்று, "எங்கள் திடலை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்ட ஒரு கடிதம்.

கடல் கடந்தும் இதற்கு உவமை உண்டு. கென்யாவின் தலைநகராகிய நைரோபியில் உஹுரு பூங்கா என ஒன்றுண்டு. 1989இல் ஆட்சியிலிருந்தோர் அதனுள் 60 மாடிக் கட்டடம் எழுப்ப முனைந்தனர். வங்காரி மாதாய் என்னும் பெண்மணி கடிதம்மேற் கடிதமாக எழுதினார். அந்நாட்டுப் பாராளுமன்றத்திலேயே அவரை இகழ்ந்தனர். அவர் தளரவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. 2004இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மரத்துக்கும் சமாதானத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் அன்று ஒப்புக்கொண்டது எனலாம்.

நமது மரபுக்கும் இது புதிதன்று. தில்லை மரத்தாற் பெயர்பெற்றது சிதம்பரம். அத்தில்லை உப்பங்கழிச் சதுப்பில் வளரும் மரம். மதுரைக்குக் கடம்பு, காஞ்சிக்கு மா. ஊர் தோன்றுமுன் மரம் நின்றது. மரத்தைச் சுற்றி ஊர் எழுந்தது என்பதே தலவிருட்சம் என்னும் வழக்கின் உட்பொருள் போலும்.

ஆகவே, இளைஞர் பகுதியின் சார்பில் இச்சபையின் முன் நான்கு காரியங்களை வைக்கின்றோம்.

முதலாவது, மாதம் ஒருமுறை உறுப்பினர் குடும்பங்களோடு ஒரு பசுந்தரைக்குச் செல்லுதல். வெள்ளவத்தையார் வடக்கே காக்கைதீவுக்கும், கொட்டாஞ்சேனையார் தெற்கே பெத்தகானைக்கும் போகட்டும். அறியாததை யாரும் நேசிக்க மாட்டார். நேசிக்காததைக் காக்க மாட்டார். எம் சகோதரிகளும் தாய்மாரும் தயக்கமின்றி அமர்ந்து நூலொன்றைப் படிக்கக்கூடிய பூங்காவே முழுமையான பூங்கா. உவாட் கல்லிற் பொறித்த வாக்கு அன்றுதான் நிறைவேறும். அவர்கள் கூட்டமாக வரத்தொடங்கினால் அந்நிலை தானே வரும்.

இரண்டாவது, மரம் நடுவதோடு நில்லாது வளர்த்தல். நடுவிழாவுக்குப் புகைப்படம் உண்டு, தண்ணீர் ஊற்றுவோர் இல்லை என்பது எங்கும் காணும் காட்சி. ஒரு கன்றுக்கு இரு இளைஞர் பொறுப்பேற்று மூன்றாண்டு பராமரிக்கட்டும். நாகமரம், வேம்பு, புங்கை, பலா எனப் பயனும் நிழலும் தருவனவற்றை நடுவோம். பலாவை அனுமதியின்றி வெட்டலாகாது என 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் கூறுவதையும் அயலாருக்கு அறிவிப்போம்.

மூன்றாவது, நமது விழாக்களின் கழிவை நாமே அகற்றுதல். கரும்புச் சக்கையும் வாழையிலையும் மண்ணுக்கு எருவாகும். பிளாத்திக்குக் கிண்ணமும் பையும் ஆகா. அன்னதானம் எவ்வளவு புண்ணியமோ, அதன்பின் தெருவைக் கூட்டுவதும் அவ்வளவு புண்ணியமே. புளூமெண்டாலையும் மீதொட்டமுல்லையையும் கண்ட நகரத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நான்காவது, கேள்வி கேட்டல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இந்நாட்டின் குடிமகன் எவரும் பொது நிறுவனத்திடம் விபரம் கோரலாம். தமிழிலேயே கோரலாம். தெருவோர மரமொன்றின் அடியிற் கோடரி விழுமுன், வாய்க்காற்கரையில் மண்லொறி வந்து நிற்குமுன், "இது எதற்காக, யார் அனுமதித்தார்?" என மரியாதையோடு எழுதிக் கேட்போம். பெரியோர்களே, எழுதும் வேலையை நாம் ஏற்கின்றோம். உங்கள் கையொப்பமும் அனுபவமும் அருகில் இருந்தாற் போதும். அயலிலுள்ள சிங்கள, முஸ்லிம் இளைஞரையும் அழைப்போம். நிழல் யாரையும் இன்னாரென்று கேட்பதில்லை.

நம் நாட்டிலே ஒரு பழமொழி உண்டு: அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. கடற்கரை மணலிற் படர்ந்து கிடக்கும் மெலிந்த கொடி அது. ஒற்றை இழையைக் குழந்தையும் பிய்த்துவிடும். பலவாய்ப் பின்னிப் படர்ந்தபோது, சோளகக் காற்று வாரிக்கொண்டு போக முயலும் மணலையே பற்றிப் பிடித்து நிறுத்துகின்றது. இச்சபையில் அமர்ந்திருக்கும் முதியோரும் இளையோரும் அவ்வாறு பின்னிக்கொண்டால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எஞ்சியுள்ள பசுமை நம் காலத்தில் அழியாது. நமக்குப் பின்வருவோர்க்கும் நிழலாகும்.

முதலாவது நடைப்பயணத்துக்குப் பெயர் தருவோர் வாயிலில் உள்ள மேசையில் எழுதிச் செல்லுமாறு வேண்டி, விடைபெறுகின்றோம்.